ஒதுக்கிடத்திலிருந்து வகுப்பறைக்கு: வலிப்பு நோயாளரின் தொழிலும் கல்வியும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நோய்களுக்கும் வரலாறு உண்டு. ஒரு நோய் மனித உடலில் ஏன் தோன்றுகின்றது, அதனை எவ்வாறு தணிக்கலாம் என்பன மருத்துவம் ஆராய வேண்டிய வினாக்கள். அந்நோயுடையவரைச் சமூகம் எங்கே இருத்தியது, எத்தொழிலை அவருக்கு அளித்தது, எதனை மறுத்தது, என்ன காரணங் கூறி மறுத்தது என்பன வரலாற்று மாணவன் எழுப்ப வேண்டிய வினாக்களாகும். வலிப்பு நோயைப் பொறுத்தவரை இரண்டாவது வகை வினாக்கள் எம்மிடையே போதியளவு எழுப்பப்படவில்லை.

இக்கட்டுரையாளர் ஆறாம் வகுப்பிற் பயின்ற காலத்தில், அதே வாங்கில் இருந்த மாணவனொருவன் ஒருநாட் காலை கணித பாடம் நடந்துகொண்டிருக்கையில் திடீரென நிலத்தில் வீழ்ந்தான். ஒருவர் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார். இன்னொருவர் அவன் கால்களை அழுத்திப் பிடித்தார். ஏனைய பிள்ளைகள் வாசலுக்கு ஓடினர். சில நிமிடங்களில் அவன் எழுந்திருந்து தன் கொப்பியைத் தேடினான். அன்று மாலை தந்தையார் அழைக்கப்பட்டார். நன்கு சுகமான பின் அனுப்பினாற் போதும் என்று அவருக்குக் கூறப்பட்டது. அம்மாணவன் பின்னர் அப்பாடசாலைக்கு வரவேயில்லை. அன்று எவரும் கொடியவராக நடந்துகொள்ளவில்லை. எல்லோரும் அவன் நன்மையை எண்ணியே செயற்பட்டனர். ஆயினும் சில நிமிட வலிப்பு ஒரு பிள்ளையின் படிப்பை முடித்து வைத்தது.

இத்தகைய நல்லெண்ணம் கலந்த விலக்கலுக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுக்கூற்றிலிருந்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வலிப்பு நோயாளரின் பராமரிப்பு, தொழில், கல்வி ஆகியன ஒழுங்கு செய்யப்பட்ட முறையினை நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். நோயே விலக்கலுக்குக் காரணமெனக் காட்டப்பட்டதாயினும், தொழிலும் கல்வியும் அமைக்கப்பட்ட விதமே அதற்கு அடிப்படையாக இருந்தது என்பதும், விலக்கி வைத்த இடங்களிலேயே அவ்விலக்கலின் நியாயம் பொய்த்துப் போயிற்று என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்படும்.

பழைய விளக்கங்கள்

வலிப்பு நோய் பற்றிய குறிப்புகள் மிகப் பழமையானவை. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பபிலோனிய களிமண் ஏடுகள் வலிப்பின் பல்வேறு தோற்றங்களை நுணுக்கமாக விவரித்து, ஒவ்வொன்றையும் ஓர் ஆவியின் செயலாகக் கூறின. கி. மு. 400ஆம் ஆண்டளவில் எழுந்த, கிப்போக்கிரற்றீசின் பெயரால் வழங்கும் நூலொன்று, மக்கள் 'புனித நோய்' எனக் கருதிய இதற்கு ஏனைய நோய்களிலும் மேலான புனிதம் எதுவுமில்லை எனவும் இது மூளையிலிருந்து எழுவதெனவும் வாதிட்டது. இந்திய மருத்துவ நூலான சரக சங்கிதை இதனை அபஸ்மாரம் என வகுத்து, அறிவும் நினைவும் நீங்குதலை அதன் முதன்மைக் குறியாகக் கொண்டது.

தமிழ் மரபில் இந்நோய்க்கு 'முயலகன்' என்னும் பெயரும் உண்டு. ஆடவல்லானின் திருவடியின் கீழ்க் கிடக்கும் முயலகனே நோயின் பெயருமாயினான். கொல்லி மழவனின் மகளைப் பற்றிய முயலகன் நோயினைத் திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் நீக்கினார் எனப் பெரியபுராணம் கூறும். செய்வன யாவும் செய்தும் பயனின்றித் தன் மகளை இறைவன் திருமுன்னிலே கிடத்திய தந்தையின் தவிப்பு, இந்நோய் அன்றைய குடும்பமொன்றை எந்நிலைக்கு உள்ளாக்கியது என்பதற்குச் சான்றாக அமைகின்றது. பேச்சு வழக்கிலுள்ள காக்கை வலிப்பு என்ற தொடர், கால்-கை வலிப்பு என்பதன் திரிபென்பாரும் உளர். பெயர் திரிந்தது போலவே பொருளும் திரிந்து, காக்கையோடும் இரும்போடும் தொடர்புபட்ட நம்பிக்கைகள் அதனைச் சூழ்ந்துகொண்டன.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. வயலும் வீடும் தொழிலிடமாயிருந்த சமூகங்களில், வலிப்புடையவர் அச்சத்தோடு நோக்கப்பட்டாலும் வேலையிலிருந்து முற்றாக நீக்கப்படவில்லை. வலிப்பு வந்தால் அன்றைய வேலை சற்றுத் தடைப்படும், மீண்டும் தொடரும். உறவினர் அருகிலிருந்தனர், வேலையின் வேகத்தை மனிதரே தீர்மானித்தனர்.

இயந்திரமும் பள்ளிக்கூடமும்

கைத்தொழிற் புரட்சி இந்நிலையை மாற்றியது. தொழிற்சாலையில் வேலையின் வேகத்தைத் தீர்மானித்தது இயந்திரம். ஓடும் பட்டிகளுக்கும் சுழலும் சில்லுகளுக்கும் இடையே ஒருவர் கணநேரம் நினைவிழப்பினும் அது உயிராபத்தாகலாம். வலிப்புடையவர் ஒருவரை வேலைக்கமர்த்துதல் முதலாளிக்கு நட்டமாகத் தோன்றியது. வேலையிழந்தவர் வறியோர் இல்லங்களுக்கும் சித்த சுவாதீனமற்றோருக்கான இல்லங்களுக்கும் அனுப்பப்பட்டனர். அறிவு மங்காத பலர், வலிப்புடையர் என்ற ஒரே காரணத்தால் மனநோயாளரோடு வாழ்நாளைக் கழித்தனர்.

பள்ளிக்கூடத்திலும் இதற்கு ஒப்பான மாற்றம் நிகழ்ந்தது. இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டுச் சட்டம் ஆரம்பக் கல்வியைப் பரவலாக்கியது. 1880இல் வருகை கட்டாயமாக்கப்பட்டது. அதுவரை வீட்டின் ஒரு மூலையில் இருந்த பிள்ளைகள் முதன்முறையாக அறுபது எழுபது பிள்ளைகள் நெருங்கியிருந்த வகுப்பறைகளுக்கு வந்தனர். ஒரே பாடத்தை ஒரே வேகத்திற் கற்பிக்குமாறு அமைந்த அவ்வகுப்பறைக்கு, வலிப்புடைய பிள்ளை ஒரு 'பிரச்சினை'யாகத் தோன்றியது. வகுப்பறையும் தொழிற்சாலையும் ஒரே காலத்தில், ஒரே முறையில், அவர்களை வெளியே தள்ளின எனலாம்.

குடியிருப்புகளின் தோற்றம்

இவ்வாறு வெளியே தள்ளப்பட்டோருக்கு மாற்றிடம் தேட முன்வந்தோர் பெரும்பாலும் சமயப் பணியாளரும் வைத்தியருமாவர். பிரான்சின் லா போர்ஸ் என்னுமிடத்தில் பாதிரியார் ஜோன் பொஸ்ற் 1860களில் வலிப்புடைய சிறுமியருக்கும் சிறுவருக்கும் இல்லங்களை அமைத்தார். 1867இல் ஜேர்மனியின் பீலபெல்ட் நகருக்கு அருகில் ஓர் இல்லம் தொடங்கப்பட்டது. 1872இல் அதன் பொறுப்பை ஏற்ற பிரெட்றிக் வொன் போடல்ஷ்விங் அதனைப் பெதேல் என்னும் பெருங் குடியிருப்பாக வளர்த்தார். பிச்சைக்குப் பதிலாக வேலை என்பது அவரது கொள்கை. பண்ணை, தச்சுப்பட்டறை, வெதுப்பகம், அச்சகம், நூல் கட்டுமிடம் ஆகியவற்றைக் கொண்ட ஒரு முழு ஊராகவே பெதேல் வளர்ந்தது. 1908ஆம் ஆண்டிலிருந்து தனக்கென நாணயத் தாள்களையும் அது வழங்கியது.

இங்கிலாந்தில் இலண்டன் குயீன் ஸ்குவயரில் 1859இல் நிறுவப்பட்ட, பக்கவாதத்திற்கும் வலிப்புக்குமான தேசிய மருத்துவமனை இத்துறையின் முதல் மையமாக விளங்கியது. தம் பாட்டியாரின் நோயைக் கண்டு மனம் வருந்திய சாண்ட்லர் சகோதரியரும் அவர்தம் சகோதரரும் எடுத்த முயற்சியே அதன் தோற்றத்துக்குக் காரணமாகும். அங்கு சிகிச்சை பெற்றோர் பலர், வலிப்பு ஓரளவு தணிந்த பின்னரும் வேலை பெற முடியாது தவித்தனர். மருந்தாற் செய்ய முடியாத ஒன்று எஞ்சியிருப்பதை வைத்தியர்கள் உணர்ந்தனர். 1892இல் வலிப்பு நோயாளரின் வேலைவாய்ப்புக்கான தேசிய சங்கம் அமைக்கப்பட்டது. அச்சங்கத்தின் பெயரிலேயே 'நோய்' என்பதோடு 'வேலை' என்பதும் இடம்பெற்றமை கவனிக்கத்தக்கது. 1894இல் பக்கிங்காம்சயர் மாகாணத்தில் சல்பொன்ற் சென் பீற்றர் என்னும் கிராமத்துப் பண்ணையொன்றில் அதன் குடியிருப்பு தொடங்கியது. ஆண்கள் பயிர்ச்செய்கையிலும் தச்சுவேலையிலும், பின்னர் வந்த பெண்கள் சலவையிலும் தையலிலும் ஈடுபட்டனர்.

அமெரிக்காவில் ஓகயோ மாநிலம் 1893இல் கலிப்பொலிசில் அரச இல்லமொன்றைத் திறந்தது. நியூயோர்க் மாநிலத்தின் கிறெய்க் குடியிருப்பு 1896இல், முன்னர் ஷேக்கர் சமயக் குழுவினர் வாழ்ந்த சொனியே நிலத்தில் இயங்கத் தொடங்கியது. இதற்குப் பாடுபட்டவருள் முதல்வரான வில்லியம் லெச்வேர்த், 1900இல் வலிப்பு நோயாளரின் பராமரிப்புப் பற்றி விரிவான நூலொன்றையும் வெளியிட்டார்.

இக்குடியிருப்புகள் பலருக்கு உணவும் உறையுளும் மதிப்பும் அளித்தன என்பதை மறுக்க முடியாது. ஆயினும் அவற்றின் அடிப்படையில் ஒரு முரண்பாடு இருந்தது. வெளியுலகில் இவர்களால் வேலை செய்ய இயலாது என்பதே இவர்களைத் தனியிடத்தில் வைத்தமைக்குக் கூறப்பட்ட நியாயம். தனியிடத்தில் இவர்கள் செய்ததோ அதே வேலை. வலிப்புடைய தச்சர் கதவு செய்தார். வலிப்புடையவர் வெதுப்பிய பாணை நூற்றுக்கணக்கானோர் உண்டனர். வேறுபாடு ஒன்றே: குடியிருப்பில் வலிப்பு வந்தால் அருகிலிருந்தவருக்கு என்ன செய்வதென்று தெரிந்திருந்தது, அதற்காக எவரும் வேலையிலிருந்து நீக்கப்படவில்லை. எனவே, தடை வேலை செய்வோரின் உடலில் இருந்ததைக் காட்டிலும் வேலையிடத்தின் அமைப்பிலேயே இருந்தது என்பதைக் குடியிருப்புகள் தம்மையறியாமலே நிறுவிவிட்டன. அக்காலத்தவர் இப்பாடத்தைப் படித்தாரில்லை. குடியிருப்பு வெற்றி பெறுகின்றதாகையால் மேலும் குடியிருப்புகள் வேண்டுமென்றே அவர்கள் முடிவு செய்தனர்.

விலக்கலின் மறுபக்கம்

மதிலுக்கு அப்பால் வைக்கப்பட்டவர் காலப்போக்கில் கண்ணுக்கும் கருத்துக்கும் அப்பாற்பட்டவராகின்றனர். குடியிருப்புகளில் ஆண்களும் பெண்களும் கண்டிப்பாகப் பிரித்து வைக்கப்பட்டனர். இவர்களுக்குச் சந்ததி இருத்தலாகாது என்ற எண்ணம் அதன் பின்னணியில் இருந்தது. 1895இல் அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலம் வலிப்பு நோயாளரின் திருமணத்தைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. வேறு மாநிலங்களும் தொடர்ந்தன. வேர்ஜீனியாவில் வலிப்பு நோயாளருக்கும் மனவளர்ச்சி குன்றியோருக்குமென 1910இல் உருவான குடியிருப்பிலிருந்தே கறி பக் என்னும் பெண்ணின் வழக்கு எழுந்தது. 1927இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதைச் சட்டபூர்வமானதெனத் தீர்ப்பளித்தது. அடைக்கலமாகத் தொடங்கிய இடம் தண்டனைக்கூடமாக மாறியமைக்கு இஃதொரு சான்று.

ஜேர்மனியில் இப்போக்கு அதன் கொடூர எல்லையை அடைந்தது. 1933 யூலையில் நாசி அரசு இயற்றிய சட்டம், கட்டாயக் கருத்தடைக்குரிய நிலைகளுள் ஒன்றாகப் 'பரம்பரை வலிப்பு நோயை'க் குறிப்பிட்டது. அச்சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் கருத்தடைக்குள்ளாயினர். 1940 தொடக்கத்திலிருந்து 1941 ஓகஸ்ற் வரை, இல்லங்களிலிருந்த நோயாளரும் வலுவிழந்தோருமாக 70,000 பேருக்கு மேல் நச்சுவாயுவினாற் கொல்லப்பட்டனர். அவர்களுள் வலிப்பு நோயாளரும் அடங்குவர். பெதேலுக்கு அப்போது தலைமை தாங்கிய, நிறுவியவரின் மகன், இக்கொலைகளை எதிர்த்து நின்றார், பெரும்பாலோர் காக்கப்பட்டனர். ஆயினும் கருத்தடையிலிருந்து பெதேல் வாசிகள் தப்பவில்லை. அங்கிருந்த யூத நோயாளர் சிலர் 1940இல் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். ஓரிடத்தில் ஒன்றுசேர்த்துப் பெயர் எழுதி வைக்கப்பட்டோரைக் கொலைக்குத் தெரிவு செய்தல் அரசுக்கு எளிதாயிற்று என்னும் உண்மை, தனிமைப்படுத்தும் முறை பற்றிய எம் மதிப்பீட்டில் இடம்பெற்றேயாக வேண்டும்.

மருந்தும் அறிவும்

இதே காலத்தில் மருத்துவம் வேறொரு திசையிற் சென்றது. 1857இல் சேர் சாள்ஸ் லோகொக் பொற்றாசியம் புரோமைட்டின் பயனை இலண்டன் மருத்துவர் கூட்டமொன்றில் எடுத்துரைத்தார். வலிப்பைத் தணித்த முதல் மருந்து அதுவே. ஆயின் அதனை நெடுங்காலம் உண்டோர் சோர்ந்து மந்தமாயினர். குயீன் ஸ்குவயர் வைத்தியர் ஜோன் ஹியூலிங்ஸ் ஜக்சன், மூளையின் சாம்பற் பகுதியில் திடீரென நிகழும் மிகையான வெளியேற்றமே வலிப்பென 1870களில் விளக்கினார். அரை நூற்றாண்டின் பின், 1929இல், ஜேர்மனியின் ஹன்ஸ் பேர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிந்து வெளியிட்டபோது அவ்விளக்கம் கண்ணாற் காணத்தக்கதாயிற்று. 1938இல் அமெரிக்கரான மெறிற், பற்னம் ஆகியோர் பெனிற்றோயினின் பயனை வெளியிட்டனர். சோர்வை அதிகம் உண்டாக்காது வலிப்பைத் தடுக்கலாம் என்பது அதனால் தெளிவாயிற்று.

இவற்றுக்கிடையே 1912இல் அல்பிரட் ஹவுப்ற்மன் என்னும் இளம் ஜேர்மன் வைத்தியர் பீனோபாபிற்றோன் வலிப்பைத் தடுப்பதைக் கண்டறிந்தார். நூறாண்டுகளுக்குப் பின்னரும் வறிய நாடுகளில் இதுவே பரவலாகப் பயன்படும் மலிவான மருந்தாக உள்ளது. ஹவுப்ற்மன் ஒரு யூதர். நாசி ஆட்சியில் பேராசிரியர் பதவியை இழந்து, 1938இல் டகவ் முகாமில் அடைக்கப்பட்டு, பின்னர் அமெரிக்காவுக்குப் புகலிடந் தேடிச் சென்று 1948இல் அங்கேயே காலமானார். வலிப்பு நோயாளரை வாழத் தகாதவரென்று கூறிய அரசு, அவர்களுக்கு வாழ்வளித்தவரையும் வெளியேற்றியது.

சட்டமும் மீள்வருகையும்

பெரும்பாலோரின் வலிப்பை மருந்தினால் அடக்கலாம் என்ற நிலை தோன்றிய பின்னரும் சட்டங்கள் உடனே மாறிவிடவில்லை. இங்கிலாந்தில் 1899ஆம் ஆண்டுச் சட்டம், வலிப்புடைய பிள்ளைகளுக்கெனத் தனி ஏற்பாடு செய்யும் அதிகாரத்தைக் கல்விச் சபைகளுக்கு அளித்தது. 1945ஆம் ஆண்டு விதிகளோ இப்பிள்ளைகளைச் சிறப்புப் பாடசாலைகளிலேயே கற்பிக்க வேண்டுமென்றன. 1953இல் இது தளர்த்தப்பட்டது. 1978இல் வெளிவந்த வார்நொக் அறிக்கை, பிள்ளைகளை நோயின் பெயரால் வகைப்படுத்துவதைக் கைவிட்டு, ஒவ்வொரு பிள்ளையின் கல்வித் தேவையையும் நோக்குமாறு கூறியது. 1981ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அதனை ஏற்றது. வலிப்பைத் திருமணத்தை இல்லாமற் செய்வதற்கான காரணங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்த ஆங்கிலச் சட்டம் 1971இல் அதனைக் கைவிட்டது. இந்தியாவின் இந்துத் திருமணச் சட்டத்தில் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நுழைந்த வலிப்பு என்னுஞ் சொல் 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தோருக்கு வேலையிலும் கல்வி நிறுவன அனுமதியிலும் பாரபட்சம் காட்டப்படலாகாதென விதித்தது.

குடியிருப்புகளின் முடிவும் பொருள் பொதிந்தது. கிறெய்க் குடியிருப்பின் இடம் 1980களில் சிறைச்சாலையாயிற்று. சல்பொன்றில் தொடங்கிய சங்கமோ ஆராய்ச்சி, சிகிச்சை, பொதுமக்கள் கல்வி ஆகிய பணிகளுக்குத் திரும்பியது. பெதேல் இன்று நகரத்தோடு இணைந்த சமூக சேவை நிறுவனமாக விளங்குகின்றது. 2022 மே மாதத்தில் உலக சுகாதார மாநாடு, வலிப்பு உள்ளிட்ட நரம்பு நோய்களுக்கென 2031 வரையான செயற்றிட்டமொன்றை ஏற்றுக்கொண்டது. உலக சுகாதார தாபனத்தின் கணிப்பின்படி ஏறத்தாழ 5 கோடி மக்களுக்கு இந்நோய் உண்டு. அவர்களுள் 80 சதவீதத்தினர் வருமானங் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கின்றனர். உரிய சிகிச்சை கிடைப்பின் 70 சதவீதத்தினர் வரை வலிப்பின்றி வாழலாம்.

எம் முன்னுள்ள பணி

மேற்கூறிய வரலாறு எமக்கு உணர்த்துவது யாது? வலிப்புடையவர் பொது வகுப்பறையிலும் பொது வேலையிடத்திலும் இருக்க வேண்டுமாயின், அவ்விடங்களே சற்று மாற வேண்டும். அம்மாற்றங்கள் பெருஞ் செலவு வேண்டுவன அல்ல.

வகுப்பறையில் இடையிடையே சில கணம் வெறித்து நோக்கும் பிள்ளை கவனமற்ற பிள்ளையாகத் தண்டிக்கப்படுகின்றது. அதுவும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம் என ஆசிரியர் அறிந்திருப்பின், அடிக்குப் பதிலாக வைத்தியம் கிடைக்கும். மருந்தினாற் சோர்வுறும் மாணவனுக்கும் பரீட்சையினிடையே வலிப்பு வந்தவனுக்கும் மேலதிக நேரம் வழங்குதல் சலுகையாகாது, நீதியாகும். வேலையிடத்தில் 'வலிப்புடையவருக்கு இவ்வேலை இல்லை' எனப் பொதுவாக விதித்தல் தவறு. அவருக்கு வலிப்பு எவ்வளவு காலத்துக்கொரு முறை, எவ்வாறு வருகின்றது என்பதை அறிந்து, உயரத்தில் ஏறுதல், மூடப்படாத இயந்திரம், உறக்கத்தைக் கெடுக்கும் இரவு வேலை போன்ற குறிப்பிட்ட ஆபத்துகளை மாத்திரம் நீக்கினாற் போதும். வீட்டில், கிணற்றடியிலும் குளத்திலும் தனியே குளியாதிருத்தலும் திறந்த அடுப்பருகே தனியே நில்லாதிருத்தலும் உயிர்காக்கும் ஒழுங்குகள்.

வலிப்பு வரும்போது செய்ய வேண்டியன மிகச் சில. அருகிலுள்ள கூரிய, கடினமான பொருள்களை அகற்றித் தலைக்கடியில் மென்மையான ஏதாவது வைத்தல்; கழுத்தைச் சுற்றியுள்ளதைத் தளர்த்தல்; அசைவு தணிந்ததும் பக்கவாட்டிற் சரித்துக் கிடத்தல்; நேரத்தைக் கவனித்தல்; நினைவு முற்றாகத் திரும்பும்வரை கூட இருத்தல். அழுத்திப் பிடித்தலும் வாயில் எதனையும் இடுதலும் தீங்கு. இரும்பினாற் பயனேதுமில்லை, பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே நிற்பதால் சாவி நிறுத்தியதாகத் தோன்றுகின்றது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலோ காயமோ மூச்சுத் திணறலோ ஏற்பட்டாலோ தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

பெதேலிலும் சல்பொன்றிலும் வலிப்புடையவர் வேலை செய்ய முடிந்தது, சூழ இருந்தோர் இவற்றை அறிந்திருந்தமையாலேயே. அவ்வறிவை மதிலுக்குள் வைத்துக்கொண்டு மனிதரையும் அதனுள்ளே அழைத்தமை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தவறு. அவ்வறிவு மதிலுக்கு வெளியே வருமாயின் மனிதர் உள்ளே செல்ல வேண்டியதில்லை. இவ்விதழை வாசிப்போருட் பலர் நாளை ஆசிரியராகவும் அதிபராகவும் நிருவாகிகளாகவும் வைத்தியராகவும் ஆகவிருப்பவர். உங்களுள் ஒருவரது வகுப்பிலும் ஒருநாள் ஒரு மாணவன் வீழக்கூடும். அன்று மாலை அவன் தந்தையார் அழைக்கப்படும்போது, 'நாளைக் காலை அவனை வழமைபோல அனுப்பிவையுங்கள்' என்று அவருக்குக் கூறுவீர்களாயின், ஒரு நூற்றாண்டின் தவறு அவ்வகுப்பறையிலாவது திருத்தப்பட்டதாகும்.